ஓங்கில் வந்தது யாரிடம்?

“ஒரே கடலு, ஒரே அலை. ரெண்டு மெத்தையும் நான் தச்சதுதான். அப்பறம் இன்னாத்துக்குடா அன்வரு, அதுங்க அவங்கிட்டயே போவுது?”

என் அக்கா ஜமீலுன்னிசாவின் கணவர் கலீமுல்லா மச்சான், சாந்தோம் கடற்கரையில் தலையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றுகொண்டு என்னிடம் இப்படிக் கேட்டார். நான் அப்போது எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, வேலை தேடிக்கொண்டு, மயிலாப்பூரில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். படித்தவன் என்பதால் எனக்குப் பதில் தெரியும் என்று அவர் நினைத்தார். எனக்குத் தெரியவில்லை. “தெரியல மச்சான்” என்றேன். “அப்ப இத்தினி வருசம் இன்னாத்தப் படிச்சே?” என்று கேட்டுவிட்டு, மெத்தையை முதுகில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

மெத்தை என்கிறேன், கடல் என்கிறேன். குழப்பமாக இருக்கும். ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

மச்சானின் தொழில் மெத்தை தைப்பது. கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் சிறிய கடை. கடையில் அவர் இருக்கும் நேரம் குறைவு. பஞ்சு அடிக்கும் வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவார். பழைய மெத்தையை வீட்டு வாசலிலேயே பிரித்து, கட்டி தட்டிப்போன பஞ்சை வில்லால் அடித்துப் பூவாக்கி, மறுபடியும் அதே மெத்தைக்குள் திணித்துத் தைத்துக் கொடுப்பார். இந்தத் தொழிலில் ஒரு கண்டிப்பு உண்டு. ஒரு வீட்டுப் பஞ்சு அந்த வீட்டு மெத்தைக்குள்தான் போக வேண்டும். நல்ல இலவம் பஞ்சை எடுத்துக்கொண்டு கழிவுப் பஞ்சைத் திணித்துத் தைத்துவிட்டால் வெளியே யாருக்கும் தெரியாது. அதனால் மற்ற மெத்தைக்காரர்கள் வேலை செய்யும்போது வீட்டுக்காரர்கள் பக்கத்திலேயே காவல் இருப்பார்கள். மச்சான் வந்தால் மட்டும், “கலீம் பாய்தானே” என்று உள்ளே போய்விடுவார்கள். வக்கீல் வீடுகளில்கூட அப்படித்தான். அவர் அதைப் பற்றிப் பெருமை பேசியதில்லை. ஆனால் அந்த வீடுகளிலிருந்து திரும்பும் நாட்களில் அவர் நடை கொஞ்சம் வேறாக இருக்கும்.

அவருடைய இன்னொரு உலகம் கடல். சிறு வயதில் குப்பத்துப் பையன்களோடு கட்டுமரத்தின் உடைந்த கட்டைகளில் படுத்து அலை ஏறி வந்தவர். யுத்தம் வந்த பிறகு, அடையாறு பக்கம் ஒரு பங்களாவுக்கு மெத்தை கொடுக்கப் போனபோது, எலியட்ஸ் கடற்கரையில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பலகையில் படுத்து அலையோடு வழுக்கி வருவதைப் பார்த்தார். ஒரு சிப்பாய்க்குப் பலகை மோவாயில் அடித்து ரத்தம் வந்ததாம். மச்சான் வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னார்:

“கட்டையில படுத்துக்கினு வர்றானுங்க. மெத்தை தைக்கறவன் ஒருத்தன்கூடவா இல்ல அவனுங்க ஊர்ல?”

அடுத்த வாரமே ஒன்றைத் தைத்துவிட்டார். கெட்டியான கித்தான் துணி, அதன்மேல் உருக்கிப் பூசிய மெழுகு, உள்ளே இறுக்கித் திணித்த இலவம் பஞ்சு. இலவம் பஞ்சு லேசில் தண்ணீர் குடிக்காது, மிதக்கும். மார்பிலிருந்து தொடைவரை நீளம். இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கயிறு. அலை உடையும் இடத்துக்கு அதை இழுத்துக்கொண்டு நீந்திப்போய், திரும்பி, அதன்மேல் படுத்துக்கொண்டால் அலை கரைவரை தூக்கிக்கொண்டு வரும்.

மீன் வாங்கி விற்கும் தேவானையம்மாள், கட்டுமரங்கள் கரைக்கு வரும்வரை கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருப்பார். அவருடைய வாய்க்கு அந்தக் கரையில் தப்பியவர் கிடையாது. முதல் நாளே ஆரம்பித்துவிட்டார்.

“இன்னா பாய், வூட்ல இடம் பத்தலயா? கடல்ல வந்து தூங்கப் போறியா?”

“தூங்கித்தான் பாரேன், உனக்கும் ஒண்ணு தச்சுத் தர்றேன்.”

“எனக்கு இன்னாத்துக்கு? நான் படுத்தா கடலு மேல வந்துடும்.”

மச்சான் அன்று அலை ஏறி வந்ததைப் பார்த்த பிறகு தேவானையம்மாள் சிரிப்பதை நிறுத்தினார். அவ்வளவு நேர்த்தி. மச்சானுக்கு இதில் ஒரே ஒரு குறைதான் இருந்தது.

கடலில் ஓங்கில் என்று ஒன்று உண்டு. மீன் போலத் தெரியும். ஆனால் மேலே வந்து மூச்சு விட்டுவிட்டுப் போகும். எங்கள் பாடப் புத்தகத்தில் டால்பின் என்று படம் போட்டிருந்தார்கள். மாசி, பங்குனி மாதங்களில் சாந்தோம் கரைக்குப் பக்கத்திலேயே கூட்டமாகப் போகும். சில நேரம் அலைக்குள் புகுந்து, அலையோடு சேர்ந்து விளையாடிக்கொண்டு வரும். கட்டுமரக்காரர்களில் பலருக்குப் பக்கத்தில் அது வந்திருக்கிறது. மச்சானின் பக்கத்தில் வந்ததே இல்லை. எத்தனையோ காலைகள் அலைக்கு வெளியே மெத்தையில் படுத்துக் காத்திருந்திருக்கிறார். தூரத்தில் முதுகு தெரியும், போய்விடும். ஒரு முறையாவது தன் பக்கத்தில் அது அலை ஏறி வர வேண்டும் என்பது அவருடைய ஆசை. பெரிய ஆசை என்று நமக்குத் தோன்றாமல் இருக்கலாம். அவருக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. பக்கத்துக் கடைக்காரருக்கு மிலிட்டரி மெத்தை காண்ட்ராக்ட் கிடைத்தபோதுகூட, “அவனும் புள்ளக்குட்டிக்காரன், நல்லா இருக்கட்டும்” என்றவர் அவர்.

இப்போது இசக்கிமுத்து வருகிறார்.

தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடை. முதலாளியும் ஆட்களும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். வாடிக்கையாளர்கள் உட்கார்ந்து சேலை பார்க்க, தரை முழுவதும் மெத்தை போட்டு வெள்ளைத் துணி விரித்திருப்பார்கள். அந்த மெத்தைகளைப் பிரித்துத் தைக்க மச்சான் போயிருந்தார். சேலை விரித்துக் காட்டும் ஆள்தான் இசக்கிமுத்து. நல்ல பேச்சுக்காரர். மச்சான் கடல் மெத்தையைப் பற்றிச் சொன்னதும் அவர் விடவில்லை.

“பாய், எனக்கும் ஒண்ணு தச்சுத் தாங்க. எங்க ஊர்க் கெணத்துல நான் நல்லா நீச்சலடிப்பேன்.”

“கெணறு வேற, கடலு வேற நைனா.”

“ரெண்டும் தண்ணிதான பாய்?”

மச்சானுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. ஆனால் இலவம் பஞ்சு கிடைக்கவில்லை. உயிர்காக்கும் மிதவை தைக்க என்று எல்லாம் மிலிட்டரிக்குப் போய்க்கொண்டிருந்தது. இசக்கிமுத்து தயங்காமல், தன் தாயார் ஊரிலிருந்து கொடுத்துவிட்ட மெத்தையையும் தலையணையையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து கடையில் போட்டார். “இதப் பிரிச்சுருங்க பாய். நான் பாய்ல படுத்துக்கிடுதேன்” என்றார். மச்சான் அதைப் பிரித்து, தன்னுடையதைப் போலவே அச்சாக இன்னொரு கடல் மெத்தை தைத்தார். அலை ஏறவும் அவரே சொல்லிக்கொடுத்தார். வாரத்தில் சில நாள் கடை திறக்குமுன் இசக்கிமுத்து சைக்கிளில் சாந்தோம் வந்துவிடுவார்.

நான் கரையில் துணிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதனால் இனி வருவதில் பெரும்பகுதி நான் கண்ணால் கண்டது.

முதலில் வந்தது ஆமை. இசக்கிமுத்து அலையைத் தவறவிட்டு வெறுமனே மிதந்துகொண்டிருந்தபோது அவர் மெத்தைக்கு அடியில் வந்து முட்டி, தலையைத் தூக்கி அவரைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. கரைக்கு வந்ததும், சேலை விரிப்பது போல அதை விரித்தார்.

“பெரிய ஆமை பாய். ஒரு கெழவர் கணக்கா என்னயப் பாத்துச்சு. ‘யாருலே நீ’ன்னு கேக்குத மாரி.”

“ஆமை வர்ற மாசம்தான். வரும்” என்றார் மச்சான். கொஞ்சம் பொறுத்து, “எவ்ளோ கிட்ட?” என்று கேட்டார்.

“மூக்கத் தொட்டுருக்கலாம்.”

மச்சான் மெத்தையின் கயிற்றை இறுக்கிக்கொண்டு மறுபடியும் தண்ணீருக்குள் போனார். நான் துணிகளுடன் காய்ந்துகொண்டிருந்தேன். வெயில் ஏறிய பிறகுதான் திரும்பினார்.

அடுத்து ஒரு கோலா மீன். தண்ணீருக்கு மேலே பறந்து வந்து இசக்கிமுத்துவின் முதுகில் விழுந்தது. அவர் அலறிய அலறல் கரைவரை கேட்டது. தேவானையம்மாள் கூடையிலிருந்து எழுந்து நின்று சிரித்தார். “பாரு, நாங்க வலை போட்டுப் புடிக்கிறோம். இவரு முதுகக் காட்னா போதும், தானா வருது!” மச்சான் சிரிக்கவில்லை. அவர் கோலா விழுந்த இடத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தார்.

பிறகு ஓங்கில் வந்தது. ஒரு நாள் அல்ல, பல நாள். இசக்கிமுத்து இன்னும் சரியாக அலை ஏறத் தெரியாதவர். பாதி அலைகளில் கவிழ்ந்துவிடுவார். அவருடைய இடப் பக்கத்தில், அலைக்குள்ளேயே, கறுப்பாகப் பளபளவென்று ஒன்று கூடவே வரும். அவர் கவிழ்ந்ததும் வளைந்து திரும்பிப் போய்விடும். மச்சான் அடுத்த அலையில் தனியாக, அழகாக, ஒரு நடுக்கமும் இல்லாமல் வழுக்கி வருவார். அவரை யாரும் பார்க்கமாட்டார்கள்.

“பாய், கடலுக்கு உன்ன அடையாளம் தெரியல போலகீதே” என்றார் ஒரு நாள் தேவானையம்மாள். “அத்தர் பூசிக்கினு வர்றே. அதான். ஓங்கிலு இன்னா நிக்காவுக்கா வருது?”

வேடிக்கைக்குச் சொன்னதுதான். மறுநாளிலிருந்து மச்சான் அத்தர் பூசுவதை நிறுத்திவிட்டார். அதற்கும் பலன் இல்லை. இருமினால் பயந்துவிடும் என்று இருமலை அடக்கிக்கொண்டு மிதந்தார். இசக்கிமுத்து வராத நாட்களில் மட்டும் போய்ப் பார்த்தார். இசக்கிமுத்துவின் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு பார்த்தார். அப்போது ஓங்கில் இசக்கிமுத்துவின் மறுபக்கமாக வந்தது.

வீட்டில் இன்னும் மோசம். இசக்கிமுத்து ஒரு நாள் கடைக்கு வந்தபோது வீட்டுக்கும் வந்து, ஆமை கதையை அக்காவுக்கும் நடித்துக் காட்டிவிட்டுப் போயிருந்தார். அக்கா அதைப் பக்கத்து வீட்டு ஷாகிராவுக்கு நடித்துக் காட்டினாள். கண்ணை உருட்டி, கழுத்தை நீட்டி, அந்தத் திருநெல்வேலிப் பேச்சோடு. ஷாகிராவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மச்சான் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கு இசக்கி அண்ணனுக்கு இன்னா வந்துச்சாம்?” என்று அக்கா சாதாரணமாகத்தான் கேட்டாள்.

“திமிங்கலம் வந்துச்சு. முழுங்கிட்டுப் போயிடுச்சு.”

“ஏங்க அப்டி பேசறீங்க?”

“சின்ன வயசுல இருந்து அந்தக் கடல்ல கெடக்கறேன். என்னப் பத்தி நீ யார்கிட்டயாவது நடிச்சுக் காட்டியிருக்கியா?”

“உங்களுக்குத்தான் ஒண்ணும் வரலியே” என்றாள் அக்கா. பொய் இல்லை. அவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டார்.

இதன் பிறகுதான் அவர் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியாததால் அவரே யோசித்தார். மெத்தைக்காரர் எப்படி யோசிப்பாரோ அப்படி யோசித்தார். துணி ஒன்று. மெழுகு ஒன்று. நூல் ஒன்று. தைத்த கை ஒன்று. நீளமும் அகலமும் ஒன்று. வேறாக இருப்பது பஞ்சு மட்டும். தன்னுடையதில் இருப்பது சந்தையில் வாங்கிய பஞ்சு. இசக்கிமுத்துவுடையதில் இருப்பது அவர் ஊர்ப் பஞ்சு. ஆகவே அந்தப் பிராணிகள் வருவது அந்தப் பஞ்சுக்காக. மெத்தைமேல் படுத்திருக்கும் ஆளும் வேறு என்பது அவர் கணக்கில் வரவே இல்லை. இரண்டு மெத்தைகளில் ஒன்றில் நன்றாகத் தூக்கம் வந்து மற்றதில் வராவிட்டால், படுப்பவரையா குறை சொல்வார்கள்? பஞ்சைத்தான் பார்ப்பார்கள்.

அடுத்து நடந்ததை மச்சான் பிறகு என்னிடம் சொன்னார். இசக்கிமுத்துவிடம், “ஓரத் தையல் விட்டிருக்குது நைனா, குடுத்துட்டுப் போ, போட்டு வெக்கிறேன்” என்றார். தையல் விடவில்லை. இசக்கிமுத்து யோசிக்காமல் கொடுத்துவிட்டுப் போனார். மச்சான் கடைக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு இரண்டு மெத்தைகளையும் பிரித்தார். இசக்கிமுத்துவின் பஞ்சைத் தன் பஞ்சோடு கலந்து, வில்லால் அடித்து, தன் மெத்தைக்குள் கொள்ளுமட்டும் திணித்தார். இசக்கிமுத்துவின் மெத்தைக்குப் போட இலவம் பஞ்சு இல்லை. எவரோ வேண்டாம் என்று கழித்துவிட்ட பழைய மெத்தையின் பருத்திப் பஞ்சு மூலையில் கிடந்தது. பருத்தி தண்ணீர் குடிக்கும் என்று மெத்தைக்காரருக்குத் தெரியாதா? தெரியும். மேலே மெழுகு இருக்கிறது, கொஞ்ச நேரம் தாங்கும், அவன் கரையோரம்தான் விளையாடுவான் என்று தனக்கே சொல்லிக்கொண்டு திணித்துத் தைத்தார். தையல் எப்போதும் போல அழகாக இருந்ததாம்.

மறுநாள் காலை இருவரும் கடலில் இறங்கினார்கள். காற்று இல்லை. அலைகள் உயரமாக, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு வந்தன. மச்சானின் மெத்தை பிள்ளைத்தாய்ச்சி வயிறு போல உப்பியிருந்தது.

“இன்னா பாய், மெத்தை ரொம்ப சாப்ட்டுடுச்சா?” என்று கேட்டார் தேவானையம்மாள். அவர் அதை இழுத்துக்கொண்டு அலைக்குள் போனார்.

அலை உடையும் இடத்தைத் தாண்டி இரண்டு பேரும் மிதந்தார்கள். வடக்கேயிருந்து முதுகுகள் தெரிந்தன. ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு ஒரு கூட்டமே. அவை நேராக மச்சான் இருக்கும் பக்கம் வந்தன. நான் எழுந்து நின்றுவிட்டேன். மச்சானும் பார்த்துவிட்டார். மெத்தைமேல் நெஞ்சைத் தூக்கி, கையை அசைக்காமல், அசையாமல் இருந்தார். அந்த முதுகு வளைந்திருந்த விதத்திலிருந்தே, அவர் மூச்சுக்கூட விடவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

அப்போது இசக்கிமுத்து கத்தினார்.

“பாய்! எம் மெத்த தண்ணி குடிக்கிது பாய்!”

மச்சான் திரும்பவில்லை.

“பாய்! முங்குது! கயிறு கையில சுத்திக்கிட்டுது!”

கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்வது இசக்கிமுத்துவின் வழக்கம். ஊறிய பருத்தி மூட்டை அவரை அந்தக் கையோடு கீழே இழுத்தது. தலை மறைந்தது, வந்தது, மறுபடி மறைந்தது. ஓங்கில்களோ மச்சானுக்கு முன்னால் ஒரு தெருவின் அகலத்துக்குள் வந்துவிட்டன. அவர் அவற்றைப் பார்த்தார். இசக்கிமுத்து இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு ஓங்கில்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நீந்தினார்.

இசக்கிமுத்துவைத் தூக்கித் தன் மெத்தைமேல் போட்டார். அது இரண்டு பேர் பஞ்சு அடைத்தது, தாங்கியது. தான் தண்ணீரில் தொங்கிக்கொண்டு, இசக்கிமுத்துவின் மணிக்கட்டிலிருந்த கயிற்றைப் பிரிக்கக் குனிந்திருந்தார். அதற்குள் அலை வந்து தூக்கிவிட்டது.

காலை வெயில் அலைக்குப் பின்னால் இருந்தது. அதனால் கரையிலிருந்து பார்த்த எனக்கு அலை பச்சைக் கண்ணாடி போலத் தெரிந்தது. அந்தக் கண்ணாடிக்குள், மெத்தையும் இரண்டு மனிதர்களும். மச்சானின் முதுகுப் பக்கம், அவரைத் தொட்டுக்கொண்டு, ஓர் ஓங்கில். அது அவரோடு கூடவே வந்தது. அலையின் கடைசிவரை வந்தது. “மச்சான், பின்னாடி! பின்னாடி பாருங்க!” என்று கத்தினேன். அலை இரைச்சலில் அவருக்கு எப்படிக் கேட்கும்? ஒரு தடவை அவர் கால் வேகமாக உதறியது. ஓங்கில் விலகி, திரும்பிப் போய்விட்டது.

இருவரும் மணலில் வந்து விழுந்தார்கள். தேவானையம்மாள் ஓடிவந்து இசக்கிமுத்துவைக் குப்புறத் திருப்பி முதுகில் தட்டினார். தண்ணீர் வெளியே வந்தது. இசக்கிமுத்து பேசிய முதல் பேச்சே இதுதான்:

“பாய், பாத்தீங்களா? உங்க பக்கத்துலயே வந்துச்சே! உங்க முதுகுல ஒட்டிக்கிட்டு வந்துச்சே!”

“இன்னாது?”

“ஓங்கிலு பாய்!”

மச்சான் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

“கால்ல வழவழன்னு ஏதோ பட்டுச்சு” என்றார் மெதுவாக. “ஊறிப்போன மெத்தைன்னு நெனச்சேன். உதைச்சுட்டேன்.”

 இசக்கிமுத்து எழுந்து இரண்டு கையையும் கூப்பினார். “பாய், நீங்க இல்லன்னா எங்க அம்மைக்குப் புள்ள இல்ல” என்று சொல்லி அவர் காலைத் தொடக் குனிந்தார். மச்சான் பின்னால் நகர்ந்துவிட்டார். அந்த நன்றியை அவரால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. கரை ஒதுங்கிய இசக்கிமுத்துவின் மெத்தையை இழுத்துப் போட்டு, தேவானையம்மாளின் மீன் வெட்டும் கத்தியை வாங்கி, தன் தையலைத் தானே கிழித்தார். சேறு போலப் பருத்தி வெளியே வந்தது.

ஜவுளிக்கடைக்காரருக்குப் பஞ்சை அடையாளம் சொல்லித்தர வேண்டுமா? இசக்கிமுத்து ஒரு பிடி எடுத்து விரலால் தேய்த்தார்.

“இது எம் பஞ்சு இல்லயே.”

“இல்ல.”

“அது எங்க?”

“இதுல கீது” என்று மச்சான் தன் மெத்தையைக் காட்டினார்.

“எதுக்கு பாய்?”

“அதுங்க இந்தப் பஞ்சுக்குத்தான் வருதுன்னு நெனச்சேன்.”

இசக்கிமுத்துவுக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. பிறகு அது நின்றுவிட்டது. “நான் செத்துருப்பேனே பாய்” என்றார்.

மச்சான் தன் மெத்தையைத் தூக்கி அவர் முன்னால் வைத்தார். இரண்டு பஞ்சும் கலந்து அடித்தாகிவிட்டது. இனி பிரிக்க முடியாது. ஒரு வீட்டுப் பஞ்சு அந்த வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் முழு மெத்தையும்தான் போக வேண்டும். இசக்கிமுத்து அதை வாங்கிச் சைக்கிளில் கட்டினார். அவர் கிளம்பும்போது மச்சான் கேட்டார்:

“இசக்கி, அந்த ஓங்கிலோட கண்ணு எப்டி இருந்துச்சு?”

இசக்கிமுத்து சைக்கிளில் ஏறி மிதித்துப் போய்விட்டார். எதையும் விரித்துச் சொல்பவர், அதை மட்டும் சொல்லவில்லை.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. யுத்தம் முடிந்துவிட்டது. மச்சானுக்கு இன்னும் நல்ல இலவம் பஞ்சு கிடைக்கவில்லை. காலையில் சும்மா கரையில் நின்றுவிட்டு வருகிறார். இசக்கிமுத்து அந்தப் பெரிய மெத்தையில் எலியட்ஸ் கடற்கரைப் பக்கம் அலை ஏறுகிறார் என்று கேள்வி. தியாகராய நகரில் அவர் கதை பிரபலம். சேலை வாங்க வருகிறவர்கள் அதைக் கேட்காமல் போவதில்லை. ‘நடுக்கடலில் மூழ்கிக்கொண்டிருந்தேன், ஓர் ஓங்கில் வந்து என்னைக் கரை சேர்த்தது’ என்று சொல்கிறார். அதில் மச்சான் இல்லை. மச்சானின் முதுகும் இல்லை.

நான் நேரில் போய்க் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“தம்பி, பாயச் சொன்னா மெத்த ஏன் முங்குச்சுன்னு கேப்பாங்கள்லா? பஞ்ச மாத்துனது வெளிய வந்தா அவரு பொழப்பு என்னாவும்? எனக்குக் கோவம் இருக்கு. ஆனா அவரு வயித்துல அடிக்க மாட்டேன். அதான் அவர விட்டுட்டுச் சொல்லுதேன்.”

நல்ல மனசுதான். வந்து மச்சானிடம் சொன்னேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

“எனக்கு ஒண்ணே ஒண்ணு வந்துச்சு. அதையும் அவனே எடுத்துக்கினானா?”

“உங்க நல்லதுக்குத்தான் மச்சான்.”

“என் நல்லது இருக்கட்டும்டா. அவன் கண்ணால பாத்துட்டான், நான் பாக்கல. அவனுக்கு ஆமை வந்துச்சு, கோலா வந்துச்சு, இன்னா இன்னாவோ வந்துச்சு. இது எங்கிட்ட வந்தது. நான் பஞ்சு மாத்தினதையும் சேத்தே சொல்லட்டும். திருடன்னு சொல்லட்டும். எங்கிட்டதான் வந்துச்சுன்னும் சொல்லட்டும்.”

அக்கா குறுக்கே வந்தாள். “சொன்னா எந்த வூட்ல உங்கள நம்பி மெத்தை குடுப்பாங்க? புள்ளைங்களுக்கு இன்னா போடறது?” என்றாள். அவர் வில்லை எடுத்துத் துடைத்தார். பிறகு என்னிடம், “நீ படிச்சவன்தானே, எழுது” என்றார். அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இந்தப் பக்கங்களை அவளுக்குப் படித்துக் காட்டிய பிறகு, “மீனை உதைச்சத நல்லா எழுதிக்கிறே” என்று மட்டும் சொன்னாள்.

அதனால் படிப்பவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தியாகராய நகரிலோ, அடையாற்றிலோ, வேறெங்கோ, ஜவுளிக்கடைக்காரரை ஓங்கில் கரை சேர்த்த கதையை யாராவது உங்களிடம் சொன்னால், அவருக்கு இதைச் சொல்லுங்கள். பஞ்சை மாற்றியதை மறைக்க வேண்டாம். அதைச் சொல்லாவிட்டால் மற்றதை யாரும் நம்பமாட்டார்கள். அது மயிலாப்பூர் மெத்தைக்காரர் கலீமுல்லாவின் பக்கத்தில்தான் வந்தது என்று சொல்லுங்கள். கேட்டவர்கள் இன்னொருவருக்குச் சொல்லட்டும்.